போன்கிர் பாறையில் ஒரு கயிறு

செகந்தராபாத்தில் ரயில் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. மௌலா அலி குன்றும் அதன் உச்சியில் இருக்கும் தர்காவும் பின்னால் போய்விட்டன. கட்கேசர், பீபீநகர் என்று வயல்களும் புதுக் காலனிகளும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. எதிரே பூ கட்டிக்கொண்டு வந்த அம்மாள் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி, ‘அதோ உங்க பாறை’ என்றார். ஏறியதிலிருந்து அதைப் பற்றியே நான் விசாரித்துக்கொண்டிருந்ததில் அது என்னுடைய பாறையாகிவிட்டது.

சமவெளியில் ஒரு பெரிய முட்டையைப் பாதி புதைத்து வைத்ததுபோல் ஒற்றைக் கல். உயரம் சுமார் 500 அடி. ஊரின் தெலுங்குப் பெயர் புவனகிரி. ரயில்வே டிக்கெட்டில் அது போன்கிர். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் நமக்கும் ஒரு புவனகிரி இருக்கிறது. அங்கே கிரி என்பது பெயரோடு சரி. இங்கே ஊருக்குக் கிரியைத் தவிர வேறு அடையாளம் தேவையில்லை. கோட்டையைக் கட்டியது மேலைச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் என்கிறார்கள். வீரராஜேந்திர சோழனின் மருமகன். அவனுக்குத் திரிபுவனமல்லன் என்று ஒரு பட்டம் உண்டு. அதிலிருந்து திரிபுவனகிரி, பிறகு புவனகிரி. காகதீயர் காலத்தில் ருத்ரமதேவியின் பெயரும் கோட்டையோடு சேர்ந்துகொண்டது. அரியணை ஏறிய அந்தப் பெண்ணைக் கல்வெட்டுகள் ‘ருத்ரதேவ மகாராஜா’ என்று ஆண் பெயரில் குறிப்பிடுவதும், 2015இல் அனுஷ்கா நடித்து அவர் கதை சினிமாவாக வந்ததும் தெரிந்த விஷயங்கள்.

ஆனால் நான் போனது அந்த ராணிக்காக அல்ல. நிஜாமாபாத் மாவட்டத்துப் பாகாலா கிராமத்திலிருந்து வந்த மாலாவத் பூர்ணா என்ற லம்பாடிச் சிறுமிக்காக.

பெற்றோர் விவசாயக் கூலிகள். அரசின் சமூகநல உறைவிடப் பள்ளி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தவளை, மலையேற்றப் பயிற்சிக்கு என்று இந்தப் பாறை அடியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அண்ணாந்து பார்த்ததும் கால் நடுங்கியது என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படிகள் வழியாக ஏறிப் பார்த்த எனக்கே அந்த நடுக்கம் புரிந்தது. பாதி தூரத்துக்கு மேல் கைப்பிடிக்கு எதுவும் இல்லாத சரிவு வருகிறது. வெயிலில் கல் தோசைக்கல்லாகச் சுடுகிறது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கோ படி கிடையாது, செங்குத்தான முகம்தான். பயிற்சியாளர் சேகர் பாபுவிடம் பழகிய நூற்றுக்கும் மேற்பட்ட மாணவ மாணவிகளில் சுமார் இருபது பேர் டார்ஜிலிங் போனார்கள். அதிலும் கழிந்து ஒரு சிலர் லடாக்கின் குளிருக்கு. கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர்: பூர்ணாவும், கம்மம் மாவட்டத்து ஆனந்த் குமாரும்.

2014 மே 25 அன்று இருவரும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அப்போது பூர்ணாவின் வயது 13 ஆண்டு 11 மாதம். அந்தச் சிகரத்தை எட்டியவர்களில் அவ்வளவு சிறிய வயதுப் பெண் அதற்கு முன் யாரும் இல்லை. தெலங்கானா மாநிலம் பிறக்க இன்னும் எட்டு நாள் இருந்தது.

மூன்று வருடம் கழித்து, 2017 மார்ச் 31 அன்று ‘பூர்ணா’ ஹிந்திப் படம் வெளியானது. டைரக்டர் ராகுல் போஸ். பள்ளிகளின் செயலராக இருந்த ஐ.பி.எஸ். அதிகாரி பிரவீண் குமாராக நடித்தவரும் அவரே. பூர்ணாவாக அதிதி இனாம்தார். பாகாலாவிலேயே போய்ப் படம் பிடித்திருக்கிறார்கள். மண் சுவர், புழுதி, விடுதிச் சாப்பாட்டு வரிசை எல்லாம் ஒப்பனை இல்லாமல் இருக்கின்றன. பூர்ணாவுக்குப் படிப்பின் மேல் ஆசை மூட்டும் ஒன்றுவிட்ட அக்கா பிரியா, சின்ன வயதிலேயே கல்யாணத்தில் தள்ளப்படுகிறாள். படத்தில் என்னை அதிகம் உலுக்கியது பனிமலை அல்ல, அந்தக் கல்யாணம்தான்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவளுக்கு ஒரு குறை தோன்றாமல் இராது. லம்பாடியும் தெலுங்கும் பேசும் வீட்டில் எல்லாரும் ஹிந்தி பேசுகிறார்கள். அகில இந்திய வியாபாரத்துக்கு அது அவசியம் என்பார்கள், இருக்கட்டும். இந்தக் கட்டுரைக்கு ஒரு சொல் தேடியபோது எனக்கும் ஒரு சிக்கல் வந்தது. ‘சாகசம்’ என்று எழுதலாம். ஆனால் தமிழில் சாகசக்காரன் என்றால் வீரன். சாகசக்காரி என்றால் மயக்கி ஏமாற்றுகிறவள். மலையேறும் பெண்ணுக்கு நம் அகராதி இன்னும் இடம் ஒதுக்கவில்லை. விருதுநகர் மாவட்டத்துக்காரரான முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறி, அங்கே போன முதல் தமிழ்நாட்டுப் பெண் என்று பெயர் பெற்றார். பத்திரிகைகளும் ‘சாதனைப் பெண்’ என்ற பழைய முத்திரையைக் குத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டன.

இனி சங்கடமான கேள்வி. பதின்மூன்று வயதுக் குழந்தையை அங்கே அனுப்பலாமா? நேபாளம் 16 வயது நிரம்பாதவர்களை ஏற விடுவதில்லை. அதனால்தான் திபெத் பக்கமாகப் போனார்கள். அந்த வருடம் ஏப்ரல் 18 அன்று நேபாளப் பக்கத்துப் பனிச்சரிவில் 16 வழிகாட்டிகள் இறந்திருந்தார்கள். அதன் பிறகும் பயணம் நிற்கவில்லை. வழியில் சடலங்களைக் கண்டு பயந்ததைப் பூர்ணாவே சொல்லியிருக்கிறார். என் வீட்டிலும் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் இருக்கிறாள். அவளைப் பள்ளிச் சுற்றுலாவில் ஏற்காடு அனுப்பவே மூன்று நாள் யோசித்தோம். பெண்களால் எதுவும் முடியும் என்று காட்டத்தான் போனேன் என்கிறார் பூர்ணா. அதை நம்புகிறேன். ஆனாலும் ஏதாவது ஆகியிருந்தால் படம் எடுக்க யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்ற எண்ணம் என்னை விடவில்லை. இதே துணிவை ஒரு கலெக்டர் மகள் விஷயத்தில் காட்டியிருப்பார்களா என்ற கேள்வியும்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பூர்ணா உச்சிக்குக் கொண்டுபோன படங்களில் ஒன்று அம்பேத்கருடையது. மற்றொன்று எஸ்.ஆர். சங்கரனுடையது. தமிழர்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது என்பது நமக்குப் பெருமை இல்லை. 1934இல் தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, ஆந்திரத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். கொத்தடிமைகளை மீட்பதில் முன்னால் நின்றார். தலித், பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிகள் ஆந்திரத்தில் உருவானதில் அவர் பங்கு பெரியது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பத்மபூஷண் விருதையும் ஏற்கவில்லை. 2010இல் ஹைதராபாத்தில் காலமானார். சினிமாவுக்கு ஒரு நாயகியும் ஓர் அதிகாரியும் போதும். ஆனால் அந்த நாயகி பாறை அடிக்கு வந்து சேர, அதற்கு முன்பே ஒரு பள்ளி, ஒரு விடுதி, இலவசச் சாப்பாடு, இவை எல்லாவற்றுக்கும் கோப்பில் கையெழுத்துப் போட்ட ஒருவர் இருக்க வேண்டியிருந்தது. பூர்ணாவின் பையில் இருந்த படம் அதைச் சொல்லிவிட்டது.

அவர் எவரெஸ்டோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோவில் தொடங்கி, 2022 ஜூனில் வட அமெரிக்காவின் டெனாலி வரை, ஏழு கண்டங்களின் உயரமான சிகரங்களையும் ஏறி முடித்தார். அந்தக் கதையை இன்னும் யாராவது நன்றாகச் சொல்ல வேண்டும். ஷெர்பா இனத்து லக்பா பத்து முறை எவரெஸ்ட் ஏறியவர்; அமெரிக்கக் கடையில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். அவரைப் பற்றி லூசி வாக்கர் எடுத்த ‘மவுன்டன் குயின்’ ஆவணப்படம் 2023இல் வந்தது. அதில் வீட்டுக்குள் வாங்கிய அடியும் மலையில் பட்ட குளிரும் ஒரே கதையாக வருகின்றன. நம்மவர்கள் பார்க்க வேண்டிய படம்.

நான் இறங்கி வந்தபோது பாறையின் கீழ்ப்பகுதியில் ஒரு பள்ளிக் கூட்டம் கயிறு கட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பெண், ஆள் உயரத்துக்கும் மேலே ஒட்டிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அழுதாள். கீழே கயிற்றைப் பிடித்திருந்த பையன், ‘அக்கா, நான் பிடிச்சிருக்கேன், விழமாட்டே’ என்று தெலுங்கில் திரும்பத் திரும்பச் சொன்னான். ஆசிரியை செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரத்தில் ஒருவழியாக மேலே தொட்டுவிட்டு இறங்கிய பெண், மூச்சு வாங்க நேராக அவரிடம் வந்தாள்.

‘நான் அழுததை எடுத்துடுங்க மேடம்.’

ஆசிரியை சிரித்தார். ‘அதுதானே நல்லா இருக்கு?’

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு பையனிடம் போய் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்து, ‘இப்போ நீ ஏறு, நான் பிடிக்கிறேன்’ என்றாள்.