விரல் நுனியும் ஊசி நுனியும்

விடுதியில் என் அறைக்கு அடுத்த அறையில் வதியும் நண்பர் இரசாயன மாணாக்கர். யானோ தமிழ் ஆனர்ஸ் வகுப்பினன். சென்ற கோடை விடுமுறையிற் பெங்களூர் ஆய்வுக்கூடமொன்றிற் பயின்று மீண்ட அவர், கல்லூரிப் பொருட்காட்சியில் வைத்தற்பொருட்டுப் படமொன்று கொணர்ந்தார். அதன் கீழே தமிழில் விளக்கம் எழுதும் பணி என் தலைமேல் விழுந்தது. உரையாசிரியரோடு பொழுது போக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று மறுத்தேன். “இதற்குத் தமிழ் போதாது என்பதுதான் உமது கருத்தோ?” என்றார் அவர். அதற்குமேல் யான் வாய் திறந்திலேன்.

படத்திற் கண்டவை, பழுப்புநிறத் தளத்தில் நெல் நாற்றுப்போல் நெருங்கி வரிசையுற்ற புள்ளிகளும், இடையிடையே சில கரிய வட்டங்களுமே. ஒவ்வொரு புள்ளியும் ஒரு மூலக்கூறு. அபிரகத் தகட்டின்மேற் படியவைத்த பொன்னை, டெக்கேன்தயால் என்னும் கந்தகச் சேர்மம் சிறிதளவு கலந்த சாராயத்தில் ஒரு நாள் அமிழ்த்தி வைத்தால், கந்தக முனை பொன்னைப் பற்றிக்கொள்ள, பத்துக் கரியணுக்கள் கோத்த வால் மேல்நோக்கி நிற்கும். நேரே நில்லாது, ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து நிற்கும். ஒன்றற்கும் அடுத்ததற்கும் இடைவெளி அரை நானோமீட்டர். எவரும் அடுக்கிவைத்திலர், தாமே அடுக்குற்றன. (அச்சேர்மத்தின் நாற்றம் பற்றி நண்பர் கூறியதை ஈண்டு எழுதாது விடுகின்றேன்.) கந்தகச் சேர்மங்கள் பொன்மீது இவ்வாறு ஒழுங்குறுதலை 1983ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தினரான நுஸ்ஸோ, அல்லாரா என்பார் வெளியிட்டனர்.

நிற்க. இத்துணை நுண்ணிய பொருளைக் கண்டது எங்ஙனம்? கட்புலனாகும் ஒளியின் அலைநீளமே 400 நானோமீட்டருக்குக் குறையாது. ஆதலின் ஒளி ஈண்டுப் பயன்படாது. 1981ஆம் ஆண்டில், சூரிக் நகரை அடுத்த ரூஷ்லிக்கோனில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்திற் பணிபுரிந்த கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் என்னும் இருவரும் ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப் என்பதை ஆக்கினர். 1986இல் நோபெல் பரிசில் ஒரு பாதி அவர்கட்கு வாய்த்தது. அக்கருவியில் நோக்குதற்கு வில்லையொன்றும் இல்லை. முனையில் ஓரணுவளவு கூர்மையுற்ற ஊசியொன்று தளத்தைத் தொட்டும் தொடாமலும் வருடிச் செல்லும். இடையேயுள்ள வெளியை எலெக்ட்ரான்கள் கடத்தலால் மிகச் சிறு மின்னோட்டம் பிறக்கும். வெளி ஒரு நானோமீட்டரின் பத்திலொரு பங்கு குறைந்தால், அவ்வோட்டம் ஏறத்தாழப் பத்து மடங்கு மிகும். அஃது மாறாதிருக்குமாறு ஊசியை ஏற்றியும் இறக்கியும், அவ்வேற்றத்தாழ்வையே படமாக வரைவர். நிறம் பின்னர்ப் பூசுவது. ஆதலின் யான் இதனை ‘வருடு நுண்ணோக்கி’ என்றே எழுதினேன்.

கரிய வட்டங்களை, ‘மூலக்கூறுகள் வந்தமராத வெற்றிடங்கள்’ என்று குறித்தேன். நண்பர் பரீட்சை அவசரத்தில் அதனைப் பார்த்திலர். அட்டை அச்சாகி ஒட்டியுமாயிற்று.

பொருட்காட்சிக்கு இரு நாள் முன்னர் ஊருக்குச் சென்றேன். என் பெரியப்பா இளமையிலேயே பார்வை இழந்தவர். பிரெயில் எழுத்தில் விவிலியம் வாசிப்பவர். சிறுவயது முதல் அவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவேன். அதனை ஓர் உபகாரமென்றே எண்ணியிருந்தேன் என்று எழுத இப்போது கூசுகிறது. கருவியின் இயல்பை யான் தொடங்கியவுடனே, “இதென்ன தம்பி, நான் வாசிக்கிறது போலத்தானே!” என்றார். கரிய வட்டங்களைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “மழையில் நனைந்து காய்ந்த தாளில் அங்கங்கே பள்ளம் விழும். விரல் கீழே இறங்கும். ஆனாலும் பள்ளத்துக்குள்ளே எழுத்து இருக்குமே, தம்பி. உன் ஊசி இறங்கினது சரி. அங்கே எழுத்து இல்லை என்று எப்படித் தெரியும்?” என்றார்.

என்னிடம் விடை இல்லை. அன்றிரவே விடுதிக்குத் திரும்பி, நண்பரை எழுப்பி, படத்தைக் கணிப்பொறியிற் பெரிதாக்கினோம். கரிய வட்டத்துள்ளும் புள்ளிகள் இருந்தன. அதே வரிசை, அதே இடைவெளி! நூல்களைப் புரட்டியபோது, தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர் சிலரும் அவற்றைப் படலத்தின் ஓட்டைகள் என்றே கருதினர் என்றறிந்தேன். உண்மையில் அவை பொன்னில் விழுந்த பள்ளங்கள். கந்தகம் பற்றுங்காற் சில பொன்னணுக்கள் இடம்பெயர, அவ்வெற்றிடங்கள் ஒன்றுகூடி ஓரணு ஆழம், அஃதாவது 0.24 நானோமீட்டர், தாழ்கின்றன. அப்பள்ளங்களிலும் மூலக்கூறுகள் குடியேறியுள்ளன.

புதிய அட்டை அச்சிட நேரமில்லை. பிழையான வரியை மையால் அடித்து, மேலே கையால் எழுதினேன். வந்தோர் பலரும் படத்தைவிட அவ்வடித்தலையே உற்று நோக்கினர்.

இரண்டாம் நாள் பெரியப்பா வந்தார். படத்தின்மேல் விரலோட்டி, “வெறுங்கண்ணாடிதானே இது” என்றார். அடுத்த வாரம் தடித்த தாளொன்றில் ஊசியாற் புள்ளிகள் குத்தி, ஓரிடத்தைப் பள்ளமாக அழுத்தி, ஊருக்கு எடுத்துச் சென்றேன். விரல் மெல்ல ஊர்ந்தது, பள்ளத்தில் இறங்கியது, நின்றது, ஏறியது. “இங்கேயும் இருக்கிறது,” என்றார். பின்னர், “மூன்றாம் வரியில் ஒன்று விட்டுவிட்டாய்,” என்றார். எண்ணிப் பார்த்தேன், விட்டிருந்தேன்.