மாமியாருக்கு ஒரு வாழ்த்து அட்டை

அமெரிக்காவில் அன்னையர் தினம் என்றால் மே மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. மெக்சிகோவில் அப்படியில்லை. எந்தக் கிழமையில் வந்தாலும் மே 10தான்.

சிகாகோவில் வசிக்கும் அந்த அமெரிக்கருக்கு மெக்சிகோவின் புவெப்லா நகரில் மாமியார் வீடு. அன்னையர் தினத்துக்கு மாமியாருக்குத் தன் கைப்பட வாழ்த்து எழுதி அனுப்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதுவும் ஸ்பானிஷில். மனைவியிடம் கேட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால், கேட்கக் கூடாது என்று ஒரு பிடிவாதம். அட்டையையும் அகராதியையும் எடுத்துக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்.

பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. முந்தைய வருடம் குழந்தை பிறந்தபோது மாமியார் வந்து மூன்று மாதம் உடன் இருந்தார். பிள்ளை பெற்றவளை 40 நாள் வேலை செய்யவிடாமல் கவனித்துக்கொள்ளும் வழக்கம் மெக்சிகோவிலும் உண்டு. 'குவாரந்தேனா' என்பார்கள். வீட்டில் தினமும் கோழி சூப் கொதிக்கும். மகளுக்கு ஒரு கிண்ணம் என்றால், வேலை முடிந்து களைத்து வரும் மாப்பிள்ளைக்கும் ஒரு கிண்ணம். மாமியாருக்கு ஆங்கிலம் வராது. மாப்பிள்ளைக்கு காபி கேட்கவும் தண்ணீர் கேட்கவும் மட்டும்தான் ஸ்பானிஷ் தெரியும். ஆனாலும், 'மிஹோ' என்று அவர் கூப்பிடுவது 'மகனே' என்பதுதான் என்று யாரும் சொல்லாமலே புரிந்தது.

இதையெல்லாம் அட்டையில் எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் அவர் மனதில் நான்கு சொற்கள் இருந்தன. லைக், ஃபாண்ட், மிஸ், லவ்.

முதல் சொல்லிலேயே சறுக்கினார். 'லைக்' என்பதற்கு அகராதி 'குஸ்தார்' என்றது. 'உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று நினைத்து எழுதிவைத்தார். அந்தப் பக்கம் வந்த மனைவி எட்டிப் பார்த்தார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"இதைப் படிச்சா, மாப்பிள்ளை நம்ம அழகில மயங்கிட்டார்னு அம்மா நினைப்பாங்க!"

சாப்பாட்டைப் பிடிக்கும் என்பதற்கு அந்தச் சொல் சரி. மனிதர்களிடம் சொன்னால் பெரும்பாலும் வேறு அர்த்தம் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிக்கும் என்றால் 'மே காயே பியென்' என்பார்கள். நேர் அர்த்தம், 'எனக்கு நன்றாக விழுகிறார்'. ஆனால், மூன்று மாதம் சூப் வைத்துக் கொடுத்தவருக்கு அது போதாது.

அடுத்தது 'ஃபாண்ட்'. இடைக்கால ஆங்கிலத்தில் அதற்கு 'அசட்டுத்தனமான' என்று பொருள். அந்த அசடுதான் நாளடைவில் பிரியமாக மாறியிருக்கிறது. ஸ்பானிஷில் அந்த இடத்தில் பெரும்பாலும் 'காரின்யோ' வந்து உட்காரும். அதன் வேர், 'இல்லாமல் இருப்பது' என்ற பொருளுள்ள லத்தீன் சொல். அதிலிருந்து 'என்காரின்யார்சே' என்று ஒரு வினைச்சொல்லும் உண்டு. ஒருவர் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பாசம் ஒட்டிக்கொள்வது. தினமும் வாசலுக்கு வரும் தெருநாயிடம்கூட அப்படி ஒட்டிக்கொள்ளலாம். 'இதுதான், இதேதான்' என்று அவர் எழுதிக்கொண்டார்.

'மிஸ்' சுலபமாக முடிந்தது. மெக்சிகோவில் 'எக்ஸ்த்ரான்யார்'. ஒன்றை விநோதமாக உணர்வதற்கும் அதே சொல்தான். மாமியார் கிளம்பிய மறுநாள், சூப் வாசனை இல்லாத சமையலறை அவருக்கு அப்படித்தான் இருந்தது.

மிஞ்சியது 'லவ்'. ஆங்கிலத்தில் ஐஸ்கிரீமுக்கும் அதே சொல், அம்மாவுக்கும் அதே சொல். ஸ்பானிஷில் இரண்டு இருக்கிறது என்றார் மனைவி. 'தே அமோ' கனமானது. பெரும்பாலும் கணவன் மனைவிக்குள், காதலர்களுக்குள் சொல்வது. பெற்றவர்கள், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், நண்பர்கள் என்றால் 'தே கியேரோ'.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கியேரோன்னா 'வேணும்'தானே? கடையில காபி கேட்கும்போது சொல்றது?"

"அதேதான். பிரியத்துக்கும் அதுதான்."

தமிழில், 'அவங்க எனக்கு ரொம்ப வேண்டியவங்க' என்று சொல்வதில்லையா, அதுபோலத்தான். ஆனால், அவர் முகம் மாறிவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார்.

மாமியார் ஊருக்குக் கிளம்பிய நாள். மனைவி கைக்குழந்தையோடு வீட்டில் இருந்ததால் இவர் மட்டும்தான் விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனார். உள்ளே போகும் முன் மாமியார் இவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தே கியேரோ முச்சோ, மிஹோ" என்றார். 'கியேரோ' மட்டும் காதில் விழுந்தது. ஏதோ வேண்டும் என்கிறார் என்று நினைத்தார். ஓடிப்போய் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்து கையில் கொடுத்தார். மாமியார் ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மனைவி இந்தமுறை சிரிக்கவில்லை. "அம்மா என்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே" என்றார் மெதுவாக.

அட்டையில் கடைசியாக மூன்றே வரிகள்தான் இருந்தன. உங்கள் மேல் பாசம் ஒட்டிக்கொண்டது. நீங்கள் இல்லாமல் வீடு வீடாக இல்லை. மூன்றாவது வரி, 'யோ தாம்பியென் லா கியேரோ'. 'தே' என்பது உரிமையோடு 'உன்னை' என்பது. 'லா' மரியாதையோடு 'உங்களை'. 'தாம்பியென்' என்றால் 'கூட'. நானும் உங்களை நேசிக்கிறேன்.

வாழ்த்து அட்டையில் திடீரென்று 'நானும்' எதற்கு என்று வேறு யார் படித்தாலும் குழம்பியிருப்பார்கள்.

மே 10 மாலை வீடியோ காலில் மாமியார் வந்தார். கையில் அட்டை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஏதோ சொன்னார். மனைவி மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். ஆனால் 'ஆகுவா', அதாவது தண்ணீர் என்ற ஒரு சொல் காதில் விழுந்ததுமே மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

"அந்தத் தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு, மிஹோ."