வாத்து சுட்ட மாமா!

கேட்டா சிரிப்பீங்க. அனலாக் எலக்ட்ரானிக்ஸ்ல ரெண்டு தடவை அரியர் வெச்ச நான், 'எமிட்டர் ஃபாலோயர்'னா என்னன்னு கத்துக்கிட்டது மரியோகிட்ட!

எங்க ஊர் வாலிகண்டபுரம். வாலீஸ்வரர் கோயில் ஊர். சென்னை - திருச்சி பஸ்ல தூங்கிக்கிட்டே கடந்து போயிருப்பீங்க. அங்கதான் என் மாமா டிவி ரிப்பேர் கடை வெச்சிருந்தார். பிக்சர் டியூப் டிவி போச்சு, கடையும் போச்சு. இப்போ கண்ணும் மங்கிட்டதால, சால்டரிங் அயர்னைத் தொட்டே ஒரு வருஷம் ஆச்சு. திண்ணைக் கட்டில், ரேடியோ... அவ்வளவுதான் மாமா.

கடையில மிஞ்சினது ஒரு டிவி கேம். தொண்ணூறுகள்ல சாமுராய், லிட்டில் மாஸ்டர்னு நம்ம நாட்டுல வித்ததே, அந்த வகை. எல்லாமே நிண்டெண்டோ 1983-ல ஜப்பான்ல விட்ட ஃபேமிகாமோட காப்பிதான். "தீபாவளிக்குள்ள ஒழுங்கா ஓடலைன்னா எடைக்குப் போட்டுடுவேன்"னு அம்மா கெடு வெச்சுட்டாங்க.

ஓடுச்சு. ஆனா, படம் முழுக்க புள்ளி மழை! காரணம், ஆன்டெனா வயர். சிப் கொடுக்கிற படத்தையும் சத்தத்தையும் உள்ளே இருக்கிற தகர டப்பா ஒண்ணா கலந்து, டிவி சேனல் மாதிரி மாத்தி அனுப்பும். டிவி அதை மறுபடி பிரிக்கணும். இந்தச் சுத்துல பாதி அழகு காலி. நிண்டெண்டோவே 1993-லதான் ஏவி அவுட் வெச்ச ஃபேமிகாமை விட்டாங்கன்னா பாருங்க!

அடாப்டரைப் பிடுங்கிட்டு, டப்பாவுக்குப் போற வீடியோ லைனைக் கழட்டி, நேரா மஞ்சள் பின்னுல ஒட்டினேன். படம் வந்தது. அமாவாசை மாதிரி இருட்டு, கூடவே உருளல் வேற.

திண்ணையிலிருந்து குரல். "நேரா கொடுத்தியா மாப்ள? டிவி 75 ஓம் லோடு. அந்தச் சிப்பு பாவம், எப்படித் தள்ளும்? நடுவுல ஒரு பிசி 547 போடு."

"எப்படி மாமா?"

"பேஸ்ல வீடியோ. கலெக்டர்ல 5 வோல்ட். எமிட்டர்லேர்ந்து ரெசிஸ்டர் வழியா டிவிக்கு."

பரீட்சையில நான் ரெண்டு பக்கம் கதை விட்ட விஷயம், மூணே வரி! என் கை நடுங்கினப்போ, மாமா வந்து போர்டைத் தடவிப் பார்த்து விரலை வெச்சார். "இங்க."

எங்க எல்இடி டிவியில மரியோ சும்மா பளபளன்னு வந்தார். ஆனா, மாமாவுக்குப் பிடிச்ச வாத்து சுடுற கேம்ல ஒண்ணுகூட விழலை. துப்பாக்கி எதையும் சுடறதில்லீங்க, பார்க்குது. ட்ரிகரை அழுத்தினா திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருக்கிற இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். அந்த வெளிச்சம் உடனே வந்தாதான் கணக்கு. புது டிவி கொஞ்சம் லேட்டா காட்டுது.

"பரண்ல பாரு"ன்னார் மாமா.

இருந்தது. 2006-ல ஆரம்பிச்ச அரசாங்கத்தோட இலவச கலர் டிவித் திட்டத்துல வந்த 14 இஞ்ச் டிவி, மூட்டை மாதிரி கட்டி. தூசி தட்டி, மஞ்சள் பின்னைச் செருகினேன். மாமா திரைக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து சுட்டார்.

ஏழு வாத்து. அம்மா நாலுதான்!