மூவாயிரம் என்ற எண்

சரித்திர நாவல் என்றதும் நம்மில் பலருக்கு ராஜா, போர், குதிரை இவைதான் ஞாபகம் வரும். சரித்திரத்தை யார் எழுதுகிறார்கள், யார் அழிக்கிறார்கள் என்று விசாரிக்கும் நாவல்களும் உண்டு. மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' அப்படியொன்று. தமிழிலும் கிடைக்கிறது.

1928 டிசம்பர் 6, கொலம்பியாவின் சியனகா ஊர். யுனைட்டட் ஃப்ரூட் என்ற அமெரிக்கக் கம்பனியின் வாழைத்தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. வாரக் கூலி, வாரத்தில் ஒருநாள் லீவு, கூப்பனுக்குப் பதில் காசு. நள்ளிரவு தாண்டி, கூடியிருந்தவர்கள் மேல் இராணுவம் சுட்டது.

முதலில் சொல்லப்பட்ட கணக்கு 9 பேர். கட்டளையிட்ட ஜெனரலே பிறகு 47 என்று எழுதினார். ஆயிரத்துக்கும் மேல் என்று கம்பனிக்காரர் சொன்னதாக அமெரிக்கத் தூதர் தன் அரசுக்கு அறிவித்தார்.

1967இல் வந்த நாவலில் அது மூவாயிரம். பிரேதங்களை ரயிலில் ஏற்றிக் கடலில் கொட்டப் போகிறார்கள். அந்த ரயிலிலிருந்து உயிரோடு தப்பி வருகிறவன் சொல்வதை ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. யாரும் சாகவில்லையாம், எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டார்களாம். கடைசியில் பாடசாலைப் புத்தகங்களிலும் அதுவே பதிந்துவிடுகிறது. சோக்கட்டியோடு நிற்கும் நமக்கு இந்த இடம் சுடத்தான் செய்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் நம் ஊரிலும் இருக்கின்றன. வாசிக்கும்போது அவர்கள்தான் கண்முன் வந்தார்கள்.

விஷயம் இதோடு முடியவில்லை. மூவாயிரம் என்பது நாவலின் அளவுக்காகத் தான் பெருப்பித்த எண் என்று மார்க்வெஸே பிற்காலத்தில் சொன்னார். அதற்குள் அது உண்மையாகிவிட்டது. ஒரு நினைவு தினத்தில் கொலம்பிய செனட்டிலேயே மூவாயிரம் தியாகிகளுக்கு மௌன அஞ்சலி கேட்கப்பட்டதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அப்படியென்றால் எழுத்தாளரும் சரித்திரத்தைத் திரித்தவர்தானே என்று சிலர் கேட்கக்கூடும். நாம் அப்படிப் பார்க்கவில்லை. அவர் அட்டையிலேயே நாவல் என்று போட்டுத்தான் தந்தார். ஜெனரலின் கணக்கு அரசாங்கத்தின் பேரில் வந்தது. ஆனாலும் ஒரு பயம் இருக்கிறது. எண் பெருப்பிக்கப்பட்டது என்று தெரிந்ததும், "அப்போ சுடவே இல்லை" என்று சொல்ல ஆட்கள் காத்திருப்பார்கள். 47 பேர் என்றாலும் 47 வீடுகள்.

தரம் 10 பிள்ளைகளுக்கு இந்த நான்கு எண்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். பின் வரிசையிலிருந்து உடனே கேள்வி வந்தது: "சேர், சோதினைக்கு எதை எழுதுறது?"

எந்த எண்ணை எழுதினாலும், அதைச் சொன்னது யார் என்றும் பக்கத்தில் எழுதச் சொன்னோம்.