கிளியூர் அருவியில் ஒன்பது அடித் தூண்டில்

ஏற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? சேலத்தில் வெயில் பொசுக்கும். பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறி முடிப்பதற்குள், பெட்டியின் அடியில் கிடக்கும் ஸ்வெட்டரைக் கை தேட ஆரம்பித்துவிடும். கிட்டத்தட்ட 5,000 அடி உயரம். எங்கே திரும்பினாலும் காபித் தோட்டமும் மிளகுக் கொடியுந்தான்.

ஏரியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் போனால் கிளியூர் அருவி. ஏரி நிரம்பி வழிகிற நீர்தான் 300 அடி கீழே விழுகிறது. ஆகையால் கோடையில் போனால் வெறும் பாறையைத்தான் தரிசிக்கலாம். மழைக்குப் பிறகு போங்கள்.

நாங்கள் போனது கார்த்திகை மாதம். நாங்கள் என்றால் நான், இவர், பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அப்புறம் ஒன்பது அடி நீளத்தில் ஒரு தூண்டில்! மலை ஓடைகளில் வாழும் ட்ரௌட் என்ற மீனைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, தீபாவளி போனஸில் இவர் வாங்கியது. என் பட்டுப் புடவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போயிற்று.

படிகளில் இறங்கி மடுவின் ஓரத்துக்குப் போனோம். தலைக்கு மேலே ஒரே மரக் கிளைகள். பையன் தூண்டிலை ஒரு வீசு வீசினான். முள் கிளையில் மாட்டிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. ஒரு காலை முன்னே வைத்து இன்னும் பலமாக இழுத்தான். பாசி படிந்த பாறை! சறுக்கியவனின் சட்டைக் காலர் எப்படி என் கைக்கு அகப்பட்டதென்று இன்றும் எனக்குத் தெரியாது. தூண்டில் நுனி ஒடிந்தது. "போகட்டும்" என்றார் இவர். குரலே எழும்பவில்லை.

அதற்குப் பிறகுதான் விஷயத்தை ஒழுங்காகத் தெரிந்துகொண்டோம். முதலாவது, ட்ரௌட் குளிர்ந்த நீரில் வாழும் பிராணி. தண்ணீரின் சூடு 20 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினாலே அதற்குச் சங்கடம். வெயிலில் கிடந்த ஏரி நீர் வழிந்து வரும் கிளியூரில் அதற்கு என்ன வேலை? நம் ராஜ்யத்தில் அதன் வீடு நீலகிரி. அதுவும் வந்து குடியேறிய வீடுதான். 1863-லேயே பிரான்சிஸ் டே என்ற மீன் நிபுணர் அதைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. 1907-ல் அவலாஞ்சியில் வில்சன் என்பவர் குஞ்சு பொரிக்கும் பண்ணை அமைத்த பிறகுதான் அது அங்கே நிலைத்தது. அங்கேயும் நினைத்த இடத்தில் தூண்டில் போட்டுவிட முடியாது. அனுமதியைப் பற்றி முன்னதாக விசாரித்துக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, தூண்டில். சின்ன ஓடைக்கு ஆறரை அடியிலிருந்து ஏழரை அடி வரை போதும். நீளமானது மரத்தைத்தான் பிடிக்கும்! கைப்பிடிக்கு மேலே ஓர் எண் போட்டிருக்கும். அது எந்தக் கனத்துக் கயிறு பொருந்தும் என்பதற்கு அடையாளம். சின்ன ஓடைக்கு 2, 3, 4 என்ற எண்கள் சரி. கயிற்றிலும் அதே எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்த வகைத் தூண்டிலில் இறகு கட்டிய பொய் ஈக்குக் கனமே கிடையாது. கயிற்றின் கனந்தான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

அந்தக் காலத்தில் மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டைகளாகச் சீவி ஒட்டிச் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் கார்பன். 100 கிராமுக்குள் அடங்கும். கண்ணாடி இழையில் செய்தது சற்றுக் கனம். ஆனால் நன்றாக வளைந்து கொடுப்பதால், கிட்டத்தில் வீசுவதற்கு அது சுகம். நான்கு துண்டாகக் கழற்றக்கூடியதாக வாங்கினால் பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரின் கண்ணைக் குத்தாது. கடையிலேயே ரீலை மாட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். முன்பக்கம் பாரமாகத் தொங்கினால் வேண்டாம்.

வீசுவதற்குப் பலம் வேண்டாம். ஈரப் புடவையை உதறிக் கொடியில் போடுகிறோமே, அதே கைப்பக்குவந்தான். பின்னால் கயிறு நீளும் வரை ஒரு கணம் பொறுத்து, முன்னால் கொண்டுவந்து சட்டென்று கையை நிறுத்த வேண்டும். ஏழடித் தூண்டில் ஒன்று இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி மொட்டை மாடியில் பழகுகிறோம். சொன்னால் இவருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரில் எனக்குத்தான் நன்றாக வருகிறது!

கிளியூருக்கு மறுபடியும் போனோம். தூண்டில் வீட்டிலேயே இருந்தது. அருவியை நிதானமாகப் பார்த்தோம். பாறைப் பக்கம் போகும்போது பையன் தானாகவே என் கையைப் பிடித்துக்கொண்டான்.