ஆயிரத்து முப்பத்து மூணுல ஒருத்தர்

2025 பொங்கல் அன்னிக்கு மொடக்குறிச்சி பக்கம் மாமா வீட்டுல இருந்தோம். மாமான்னா அம்மாவோட அண்ணன். தோட்டத்துச் சாளை வாசல்ல பொங்கப் பானை, பானைக் கழுத்துல மஞ்சக் கொத்து. உள்ளே டிவி பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு. கீழே ஓடற செய்தியில "நிஜாமாபாத்தில் தேசிய மஞ்சள் வாரியம் தொடக்கம்"னு ஒரு வரி போச்சு. மாமா காபி டம்ளரைக் கீழே வெச்சுட்டு, அந்த வரி மறுபடி வர்ற வரைக்கும் காத்திருந்து இன்னொரு தடவை படிச்சார்.

"வந்துருச்சாட்ட இருக்குது"ன்னார். அவ்வளவுதான். எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார்.

அவர் ஏன் அப்படிப் படிச்சார்னு சொல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

1996 சட்டமன்றத் தேர்தல். மொடக்குறிச்சித் தொகுதியில மட்டும் வேட்பாளர்கள் 1,033 பேர். எழுத்துப் பிழை இல்லீங்க, ஆயிரத்து முப்பத்து மூணேதான். விவசாயிகளோட கோரிக்கையை யாரும் கண்டுக்கலைன்னு சங்கத்துக்காரங்க ஆளாளுக்கு மனுத் தாக்கல் பண்ணிட்டாங்க. வாக்குச் சீட்டு சீட்டா இல்லாம புத்தகமா ஆச்சு. தேர்தலையே தள்ளி வெச்சு நடத்த வேண்டியதாப் போச்சு. ஜெயிச்சது தி.மு.க.வோட சுப்புலட்சுமி ஜெகதீசன். முன்னணியில வந்த ரெண்டு மூணு பேரைத் தவிர மத்த எல்லாருக்கும் டெபாசிட் போச்சு. 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழலை.

அந்த 88ல ஒருத்தர் எங்க மாமா :-)

இது எங்க குடும்பத்துல ரொம்ப நாள் ஓடின ஜோக். கல்யாணம், காது குத்துன்னு எங்க கூடினாலும் யாராவது ஆரம்பிச்சுருவாங்க. "அத்தைகூடப் போடலியாமா!" "அத்தை கெடக்கட்டும், அவரே அவருக்குப் போட்டுக்கலை." மாமாவும் சிரிச்சுட்டே, "அத்தாச்சோட்டுப் பொஸ்தகத்துல எம் பேரைத் தேடிக் கண்டுபுடிக்க முடியலை சாமி"ன்னு சொல்லுவார். நானும் அதை அப்படியே நம்பி, காலேஜ்ல பசங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிச்சிருக்கேன்.

கொங்கு நாட்டு விவசாயிகள் அரசாங்கத்துக்கிட்ட கேக்கறதுக்கு எல்லா வழியையும் பார்த்தவங்க. மின் கட்டணத்தை ஒரு பைசா ஏத்தினதை எதிர்த்து 1970ல போராட்டம். அந்த ஜூன் 19ல பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூடு, மூணு விவசாயிகள் செத்தாங்க. 1972ல கோயமுத்தூர் ரோடு பூரா மாட்டு வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினாங்க. அந்தப் போராட்டங்களை முன்னால நின்னு நடத்தின வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு, சங்கமா இருந்தா மட்டும் பத்தாதுன்னு 1982ல கட்சியே ஆரம்பிச்சார். 1984 டிசம்பர்ல அவர் போய்ச் சேர்ந்தப்புறம் அந்தக் கட்சி நிக்கலை. மறியல், வண்டி, கட்சின்னு எல்லாம் பார்த்தாச்சு. மிச்சம் இருந்தது 250 ரூபாய் டெபாசிட்தான். அப்போ சட்டமன்றத்துக்கு அவ்வளவுதான், நாடாளுமன்றத்துக்கு 500.

அந்த வருஷம் நாம மட்டும் இல்ல. ஆந்திராவுல நல்கொண்டா மக்களவைத் தொகுதியில 480 பேர் நின்னாங்க, ஃப்ளோரைடு கலந்த தண்ணியைக் குடிச்சு எலும்பு வளைஞ்சு போன ஜனங்களுக்காக. கர்நாடகாவுல பெல்காம்ல 456 பேர், அது எல்லைப் பிரச்சினை. மொத்த இந்தியாவுலயும் மக்களவைக்கு மட்டும் 13,952 வேட்பாளர்கள்.

தில்லி இதுக்கு என்ன பதில் சொல்லுச்சு தெரியுமா? அதே 1996ல மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தினாங்க. மக்களவை டெபாசிட் 500ல இருந்து 10,000. சட்டமன்றம் 250ல இருந்து 5,000. தலித், பழங்குடி வேட்பாளர்களுக்கு அதுல பாதி. அங்கீகாரம் இல்லாத கட்சிக்காரரும் சுயேச்சையும் பத்துப் பேர் முன்மொழிஞ்சாத்தான் நிக்க முடியும். 1998 தேர்தல்ல வேட்பாளர் எண்ணிக்கை 4,750ஆ எறங்கிருச்சு. அப்புறம் இன்னும் ஏத்தினாங்க, இப்போ மக்களவைக்கு 25,000, சட்டமன்றத்துக்கு 10,000.

நியாயமாப் பார்த்தா, புத்தக சைஸ் வாக்குச் சீட்டை வெச்சுட்டு தேர்தல் நடத்த முடியாதுதான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஆயிரம் சின்னத்துல எதைத் தேடும்? அதனால சட்டம் தப்புன்னு நான் சொல்ல வரலை. ஆனா, "ஏம்ப்பா ஆயிரம் பேர் நிக்கறீங்க?"ங்கற கேள்வியைக் கேக்காம, "ஆயிரம் பேர் நிக்காம இருக்க என்ன பண்ணலாம்?"ங்கற கேள்வியை மட்டும் கேட்டாங்க பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துது.

சரி, மஞ்சளுக்கு வருவோம். காலிங்கராயன் வாய்க்கால் பக்கமெல்லாம் மஞ்சள்தான் பணப்பயிர். ஒம்பது பத்து மாசம் பாடுபட்டு, வெட்டி, வேக வெச்சு, காய வெச்சு, பாலீஷ் போட்டு ஈரோடு மார்க்கெட்டுக்குக் கொண்டு போனா அன்னிக்கு என்ன விலையோ அதுதான் விலை. குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கற பயிர்ப் பட்டியல்ல மஞ்சள் கிடையாது. காபிக்கும் தேயிலைக்கும் ரப்பருக்கும் புகையிலைக்கும்கூடத் தனித்தனி வாரியம் இருக்கு. மஞ்சள் மட்டும் கொச்சியில இருக்கற நறுமணப் பொருள் வாரியத்துல அம்பத்திரண்டு சரக்குல ஒரு சரக்கு. 2010ல குவிண்டால் 15,000 தாண்டுச்சு. மாமா அடுத்த போகம் இருக்கற காடு பூராவும் மஞ்சளைப் போட்டார். 2012ல விக்கப் போனப்போ நாலாயிரம் பக்கம். ஒரு ஏக்கர் கை மாறிப் போச்சு. அதோட அவர் மஞ்சள் வெக்கறதை விட்டுட்டார். நான் சொன்னேனே பொங்கப் பானை மஞ்சக் கொத்து, அது சந்தையில காசு குடுத்து வாங்கினது.

இதே வலி தெலங்கானாவுல நிஜாமாபாத்துலயும் இருந்துச்சு. 2019 மக்களவைத் தேர்தல்ல அங்க 185 பேர் களத்துல. அதுல 178 பேர் விவசாயிகள். டெபாசிட் 25,000 ஆனப்புறமும், பத்து முன்மொழிவு கேட்டப்புறமும் நின்னாங்க. மொடக்குறிச்சி மாதிரி புத்தகம் அடிக்க வேண்டியதில்லை, ஒரு வாக்குச்சாவடிக்குப் பன்னெண்டு பேலட் மெஷினை வரிசையா வெச்சாங்க. அவங்க கேட்டது முக்கியமா ரெண்டு. மஞ்சளுக்குத் தனி வாரியம், கட்டுப்படியாகற விலை.

முதலமைச்சரோட மகள் கவிதா அங்க 70,875 ஓட்டுல தோத்தாங்க. ஜெயிச்ச பா.ஜ.க. வேட்பாளர் அர்விந்த், அஞ்சே நாள்ல மஞ்சள் வாரியம் கொண்டு வர்றேன்னு பத்திரத்துலயே எழுதிக் குடுத்திருந்தார். அஞ்சு நாள் நாலு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு :-) 2023 அக்டோபர்ல மத்திய அரசு அறிவிச்சது, 2025 ஜனவரி 14ல தொடங்கியாச்சு. நின்ன விவசாயி ஒருத்தர்கூட ஜெயிக்கலை. அவங்க கேட்டதுல ஒண்ணு மட்டும் ஜெயிச்சுருச்சு.

கோயமுத்தூர்லயே ஒரு உதாரணம் இருக்கு. 2021ல கோவை தெற்குல கமல் 1,728 ஓட்டுல தோத்தார். ஆனா இல்லத்தரசிகளுக்கு மாசா மாசம் ஊதியம்னு அவர் கட்சி முதல்ல சொன்னப்போ கிண்டலடிச்சவங்கதான் ஜாஸ்தி. அப்புறம் பெரிய கட்சிகளும் அதே மாதிரி சொல்ல ஆரம்பிச்சு, 2023 செப்டம்பர்ல மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயா வந்துருச்சு. ஆளு தோத்தார், யோசனை வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துச்சு.

தேர்தல் முடிவுல நாம எண்ணறது ஓட்டை மட்டும்தான். வெளியில இருந்து வந்து நிக்கறவன் என்ன கேட்டான், அதுல எதை ஜெயிச்சவன் எடுத்துக்கிட்டான்னு யாரும் கணக்கு வெக்கறதில்லை. வெச்சா, டெபாசிட் போனவங்க பட்டியல் வேற மாதிரி தெரியும்னு தோணுது.

அன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டு வேப்ப மரத்தடியில கட்டில் போட்டு உக்கார்ந்திருந்தப்போ கேட்டேன்.

"ஏனுங் மாமா, நெசமாலுமே உங்க பேரு கெடைக்கலீங்களா?"

"கெடைக்காம என்ன மாப்ள? எம்பட நெம்பரு மனப்பாடமாத் தெரியும். போடலை, அவ்வளவுதான்."

"ஏனுங்?"

"நானென்ன செயிச்சுக் கோட்டைக்குப் போறதுக்கா நின்னேன்? தாலூகா ஆபீசு, கலெக்டர் ஆபீசுன்னு எத்தனை மனுக் குடுத்திருக்கறோம். வாங்கி வெச்சுக்குவாங்க, ஒருத்தனும் படிக்க மாட்டான். இந்த ஒரு மனுவைத்தான் வாங்கியே ஆகோணும், அச்சடிச்சே ஆகோணும். அதுக்குத்தான் நின்னது. ஓட்டுங்கறது ஆளறதுக்கு ஆளு வெக்கறது. அது வேற கணக்கு. அதை எனக்கு நானே போட்டு வீணாக்குவனா?"

எனக்கு ஒண்ணும் பேசத் தோணலை. இத்தனை வருஷமா ஜோக்குன்னு சிரிச்ச மேட்டர்ல அவர் எவ்வளவு தெளிவா இருந்திருக்கார்! அந்த 250 ரூபாய் ரசீது இன்னும் அவர் பேங்க் பாஸ்புக்குள்ள மடிச்சு இருக்குன்னு அத்தை அன்னிக்குத்தான் சொன்னாங்க.

"வாரியம்தான் வந்துருச்சுங்களே, சந்தோசந்தானுங்களே?"ன்னு கேட்டேன்.

"வாரியம் வந்தா வெலை வந்துருமா? பாப்போம். நிஜாமாபாத்துக்காரன் கேட்டு வாங்கிட்டான். இப்ப நிக்கறதுன்னா இருபத்தஞ்சாயிரமாமா. ஆயிரம் பேரு நிக்கோணும்னா ரண்டரைக் கோடி. அத்தனை இருந்தா நாங்க ஏன் மனுக் குடுக்கறோம்?"

எனக்குத் தோணறது இதுதான். விளையாட்டுக்கு நிக்கறவங்களைத் தடுக்கணும்னா பணத்தை ஏத்தறதுக்குப் பதிலா கையெழுத்தை ஏத்தலாம். தொகுதிக்குள்ள ஆயிரம் வாக்காளர் கையெழுத்து வாங்கிட்டு வான்னு சொல்லுங்க, டெபாசிட்டைப் பழையபடி குறைச்சுக்குங்க. நெஜமாவே ஊர்ல பிரச்சினை இருந்தா கையெழுத்து தானா விழும். ஆயிரம் பேர் ஆயிரம் மனுப் போடறதுக்குப் பதிலா, ஆயிரம் பேர் சேர்ந்து ஒருத்தரை நிறுத்துவாங்க. பணம் இருக்கறவனுக்கு 25,000 ஒரு தடையே இல்லை, இல்லாதவனுக்கு மட்டும்தான் அது தடை.

இன்னொண்ணு. 2021ல அதே மொடக்குறிச்சியில அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் நின்னாங்க. 281 ஓட்டுல தோத்தாங்க. 1996ல ஒத்தை ஓட்டுக்கூட வாங்காத ஆளுங்களைப் பார்த்துச் சிரிச்ச தொகுதியிலதான் இதுவும் நடந்துச்சு. ஓட்டோட மதிப்பு மாமாவுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு.

இனிமே குடும்ப விசேஷத்துல யாராவது அந்த ஜோக்கை எடுத்தா நான் சிரிக்கறதா இல்லை. உங்க ஊர்லயும் டெபாசிட் போன ஆள் யாராவது இருந்தா, என்ன கேட்டு நின்னார்னு ஒரு தடவை விசாரிச்சு எழுதுங்களேன்.

டிஸ்கி: மாமாவுக்கு இதைப் படிச்சுக் காட்டினேன். "எல்லாஞ் சரி, அத்தை ஓட்டு யாருக்குன்னு எழுதலியா?"ன்னார். அத்தை இன்னிக்கு வரைக்கும் சொல்லலை.