ஆறாம் வேற்றுமை தாங்காத சுமை

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றி நடக்கும் வேதாந்தப் பேச்சுகளில் ஒரு வாதம் அடிக்கடி தலைகாட்டும். ‘என் சட்டை’ என்கிறோம். சட்டை வேறு, நான் வேறு. ‘என் உடல்’ என்றும் சொல்கிறோம்; ஆகவே உடலும் நான் அல்ல. கேட்க அழகுதான். ஆனால் ‘என் ஆன்மா’ என்றும்தான் சொல்கிறோம். அதே கணக்கில் ஆன்மாவையும் கழித்துவிட வேண்டியதுதானா? ஆறாம் வேற்றுமை குறிக்கும் உடைமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று நன்னூல் பிரித்துக் காட்டுகிறது. சாத்தனது கை அவனோடு ஒன்றியது, சாத்தனது வீடு அவனுக்குப் புறம்பானது. உருபு மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. பிரிவு பொருளில் இருக்கிறதே தவிர உருபில் இல்லை.

துருக்கி மொழியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதுவும் தமிழைப் போல ஒட்டுமொழி. ‘எவ்’ என்றால் வீடு, ‘எவ்லெர்’ வீடுகள், ‘எவ்லெர்தே’ வீடுகளில். இதுவரை நம் வழியேதான். ‘எங்கள் வீடுகளில்’ என்னும்போது நாம் உடையவரை முன்னால் தனிச்சொல்லாக நிறுத்துகிறோம். அவர்களோ பன்மைக்கும் வேற்றுமைக்கும் நடுவில் உடைமை விகுதியைச் செருகி ‘எவ்லெரிமிஸ்தே’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ‘தான்’ என்பதற்கு அங்கே ‘கெந்தி’. ‘நானே’ என்று சொல்ல அதிலும் அதே உடைமை விகுதியை ஒட்டிக் ‘கெந்திம்’ என்பார்கள். உடையவனும் உடைமையும் அங்கே ஒரே ஆள்.

அப்படியானால் ஆத்ம விசாரத்துக்கு இலக்கணம் உதவாதா என்று கேட்கலாம். உதவும், வேறொரு உருபின் வழியாக. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் கேட்ட கேள்விகளுக்கு, பேசாதிருந்த ரமணர் எழுதிக் காட்டிய விடைகளே ‘நான் யார்?’ ஆயின. எண்ணம் எழுந்தால் அது யாருக்கு எழுந்தது என்று பார்க்கச் சொல்கிறது அந்நூல். ‘யாருக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. தமிழில் பசிப்பதும் தெரிவதும் தோன்றுவதும் ‘எனக்கு’த்தானே! துருக்கியர் பசியை ‘கர்னிம் அச்’, அதாவது என் வயிறு பசித்திருக்கிறது, என்றும் உடைமையாக்கிச் சொல்வதுண்டு. இதனால் அந்த விசாரம் தமிழருக்கே உரியது என்று மார்தட்டத் தேவையில்லை; ‘கிம்’ என்றால் யார், ‘கிமே’ என்றால் யாருக்கு. கேள்வி அங்கும் அப்படியே நிற்கும். ‘எனக்கு’ என்பதிலும் ஒரு ‘நான்’ ஒளிந்திருக்கிறதே என்றால், உண்மைதான். ஆனால் அது எதையும் நிரூபிக்க வரவில்லை. தேட வேண்டிய திசையை மட்டுமே காட்டுகிறது. சட்டை உதாரணத்தைச் சொல்லும் அன்பர்கள் இனி ஆறாம் வேற்றுமையை விட்டு நான்காவதற்கு வரலாம்.